கான்கிரீட் தரையில் ஓதம்: பூச்சு டப்பாவைத் திறக்கும் முன் செய்யவேண்டிய வேலைகள்

சாம்பல் நிற எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) பூசிய ஒரு சேமிப்பறைத் தரை. பூசி முடித்தபோது கண்ணாடிபோல் பளபளத்தது. எட்டு மாதம் கழித்து அங்கங்கே காசு அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளே அடைபட்டிருந்த நீர் சுர்ரென்று பீச்சியடித்து என் மணிக்கட்டில் தெறித்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் சோப்புத் தண்ணீர்போல் வழுக்கியது. கொப்புளத்தின் தோலைக் கத்தியால் வெட்டி எடுத்தால் பூச்சு திடமாகவே இருந்தது, கையால் கிழிக்க முடியவில்லை. அடியில் இருந்த கான்கிரீட்டும் உறுதிதான். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தரையைப் பூசும் முன் பெருக்கினோம், கழுவினோம், காயவிட்டோம், ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தோம். பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. ஆனால் தரைக்கு உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யாருமே அளந்து பார்க்கவில்லை. முதன்முறையாகத் தரைக்குப் பூச்சு அடிக்கப் போகிறவர்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி. பூசுவது இதில் கடைசி வேலை. அதற்கு முன் செய்யவேண்டியவைதான் அதிகம், முக்கியமும் அவைதான்.

முதலில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கான்கிரீட்டைப் பாறை என்று நினைத்துவிடுகிறோம். அது கல்லைவிடப் பஞ்சுக்கு நெருக்கமானது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளே வலைபோல் ஓடுகின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தத் துளைகள் தண்ணீரை இழுக்கும்.

ஈரம் வரும் வழிகள் நான்கு. முதல் வழி, கலவையில் நாமே ஊற்றிய தண்ணீர். இதைத்தான் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சிமென்ட், நீர்-சிமென்ட் விகிதம் 0.55 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளே போகும் தண்ணீர் சுமார் 190 லிட்டர். சிமென்ட் தன் எடையில் கால் பங்கு அளவு தண்ணீரைத்தான் வேதிவினையில் பிடித்துக்கொள்ளும், அதாவது 85 முதல் 90 லிட்டர். மீதி ஏறத்தாழ 100 லிட்டர் உள்ளேயே நிற்கிறது. 100 மில்லிமீட்டர் கனத் தரையில் இது ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். இதில் ஒரு பகுதி நுண்துளைகளில் தங்கிவிடும். மற்றது மேற்பரப்பு வழியாக வெளியேறியே தீரும். அதற்கு முன் மேலே பூச்சை அடித்து மூடினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, மண்ணிலிருந்து ஏறும் ஈரம். நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தாலும் மண்ணுக்குள் நீராவி எப்போதும் உண்டு. தரைக்கு அடியில் தடுப்பு இல்லையென்றால் கட்டடம் நிற்கும் காலம் முழுக்க இந்த வரத்து நிற்காது. மூன்றாவது, வெளியிலிருந்து வருவது: மழைநீர் சுவரோரம் தேங்குவது, கூரைக் குழாய் அடித்தளத்தருகே கொட்டுவது, குளியலறைக் குழாய்க் கசிவு. நான்காவது, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் வியர்வையாகப் படிவது.

தண்ணீர் மேலே வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. சிமென்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடையும் மற்ற உப்புகளையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகி, கரைந்து வந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிகிறது. இதைத்தான் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம். புதுக் கான்கிரீட்டின் பிஎச் அளவு 12 முதல் 13 வரை, கடுமையான காரம். அந்தக் காரத் தண்ணீர் எண்ணெய் கலந்த எனாமல் பெயின்டைத் தொட்டால் பெயின்டில் உள்ள எண்ணெய் சோப்பாகவே மாறிவிடும். சோப்பு காய்ச்சுவதும் இதே வேதிவினைதான். கான்கிரீட் தரையில் சாதாரண எனாமல் அடித்தவர்கள் கொஞ்ச நாளில் அது பிசுபிசுத்து உரிவதைப் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இரண்டாவது: தரையை உற்றுப் பாருங்கள்

பழைய தரை என்றால் மண்டியிட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. கருத்த திட்டுகள், சுவரோரம் வெள்ளைப் பொடி, இணைப்புக் கோடுகளின் இருபுறமும் நிற மாற்றம், பாயையோ அட்டைப்பெட்டியையோ நகர்த்தினால் அடியில் புழுங்கல் நாற்றம், இவை எல்லாம் அறிகுறிகள்.

உரிந்த பூச்சுத் துண்டு கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சிமென்ட் தோல் மெல்லியதாக, சாம்பல் நிறத்தில், தூளாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது, அடியிலிருந்த கான்கிரீட்டின் மேல்தோல்தான் பலவீனம் என்று அர்த்தம். அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால் பூச்சு தரையைப் பிடிக்கவே இல்லை: எண்ணெய், தூசு, பழைய மெழுகு அல்லது ஈரம் நடுவே நின்றிருக்கிறது. வெள்ளைப் பொடி இருந்தால் உப்பு, அதாவது அடியிலிருந்து தண்ணீர் நடமாட்டம். ஒரு சின்னத் துண்டு இவ்வளவு சொல்லும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கருவியை வாங்கும் முன் இந்தத் துண்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

மூன்றாவது: வெளித் தண்ணீரை நிறுத்துங்கள்

வெளியே தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்க, உள்ளே என்ன பூசினாலும் வீண். நல்ல மழையில் குடையோடு வெளியே போய் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மண் எந்தப் பக்கம் வாட்டமாக இருக்கிறது, எங்கே குட்டை கட்டுகிறது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சுவரிலிருந்து வெளிப்பக்கமாக முதல் 3 மீட்டருக்கு மண் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கவேண்டும். கூரைக் குழாயின் வாய் அடித்தளத்தை விட்டு விலகிக் கொட்டவேண்டும். செடிப் பாத்தி சுவரை ஒட்டி இருந்தால் அதற்கு விடும் தண்ணீரும் தரைக்கு அடியில்தான் போய்ச் சேரும். உள்ளே தண்ணீர் புழங்கும் இடங்களில் வாட்டம் 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை இருந்தால் தண்ணீர் தானாக வடிகாலுக்குப் போகும். வாட்டம் சரியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ரசமட்டம் தேவையில்லை.

குழாய்க் கசிவு சந்தேகமா? எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

புதிதாகத் தரை போடுபவர்களுக்கு

இன்னும் கான்கிரீட் கொட்டவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிற்பாடு எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத பாதுகாப்பை இப்போது எளிதாகப் போட்டுவிடலாம்.

கெட்டித்த மண்ணின் மேல் பொடி கலக்காத ஜல்லி 100 மில்லிமீட்டர் பரப்புங்கள். ஜல்லிகளுக்கு நடுவே இடைவெளி பெரிது, அதனால் திரிபோல் நீர் ஏறுவது அங்கே அறுந்துவிடும். ஆனால் நீராவிக்கு ஜல்லி ஒரு தடையே அல்ல. அதற்குத் தனியாக நீராவித் தடுப்பு ஷீட் வேண்டும். இதன் கனம் குறைந்தது 0.25 மில்லிமீட்டர், 0.38 இருந்தால் கம்பி கட்டும்போதும் ஆட்கள் நடக்கும்போதும் கிழியாமல் தாங்கும். ஷீட்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் 15 சென்டிமீட்டர் படியும்படி விரித்து டேப் ஒட்டுங்கள். குழாய் மேலே வரும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றிக் கட்டி ஒட்டுங்கள். ஷீட்டில் ஆணி அளவு ஓட்டை கண்டாலும் அப்போதே ஒட்டுப் போடுங்கள்.

முன்பெல்லாம் ஷீட்டின் மேல் ஒரு அடுக்கு மணல் போட்டு அதற்கு மேல் கான்கிரீட் கொட்டும் பழக்கம் இருந்தது. பூச்சோ தரைவிரிப்போ வரப்போகும் தரைக்கு அது வேண்டாம். அந்த மணல் மழையிலும் கலவை நீரிலும் நனைந்து, ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு தொட்டியாக மாறி, பல மாதம் மேலே ஈரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஷீட்டின் மேல் நேரடியாகக் கொட்டுவதே நல்லது. அப்படிக் கொட்டினால் தரையின் ஓரங்கள் மேல்நோக்கி வளைய வாய்ப்புக் கொஞ்சம் கூடும். கலவையில் தண்ணீரைக் குறைத்து, பதப்படுத்தலை (முதல் சில நாள் ஈரமாகவே வைத்திருப்பதை) ஒழுங்காகச் செய்தால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம்.

கலவை இறுகுகிறது என்று ஆட்கள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற வருவார்கள். அங்கே உறுதியாக நில்லுங்கள். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், தண்ணீர் வேண்டாம். நீர்-சிமென்ட் விகிதம் 0.50-ஐ ஒட்டி இருக்கட்டும். கொட்டிய பிறகு மேலே ஊறி நிற்கும் தண்ணீர் வற்றும் முன் தேய்க்கக் கூடாது. அதைச் சீக்கிரம் வற்றவைக்கிறேன் என்று உலர்ந்த சிமென்டைத் தூவித் தேய்ப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் மேலே பார்வைக்கு அழகான, ஆனால் பலமில்லாத ஒரு பாலாடைத் தோல் உருவாகும். பிற்காலத்தில் பூச்சு அந்தத் தோலோடு சேர்ந்தே கழன்று வரும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பதப்படுத்துவது வேறு, உலர்த்துவது வேறு. முதல் 7 நாள் கான்கிரீட் ஈரமாகவே இருக்கவேண்டும், அப்போதுதான் அது பலம் பெறும். அதற்குப் பிறகுதான் உலரும் காலம் தொடங்குகிறது. பதப்படுத்தும் திரவத்தை மேலே தெளிப்பதாக இருந்தால், பின்னால் வரும் பூச்சுக்கு அது ஒத்துவருமா என்று முன்னதாகவே கேளுங்கள். பல திரவங்கள் மெழுகுத் தோலாக மேலே படிந்துவிடும், பூச்சு ஒட்டாது. ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உலர எவ்வளவு காலம்? ஒரு பக்கம் மட்டும் உலரும் தரைக்கு, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. 100 மில்லிமீட்டர் என்றால் நான்கு மாதம். கனம் கூடக் கூட அந்தக் கணக்கையும் தாண்டிப் போகும். அந்த நான்கு மாதமும் கூரை போட்டு, ஜன்னல் கதவு மூடிய நாளிலிருந்துதான் எண்ணப்படும். நடுவில் ஒரு மழை தரையை நனைத்தால் கணக்கு ஏறத்தாழ முதலிலிருந்து. 28 நாள் ஆகிவிட்டது, பூசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 28 நாள் என்பது கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் நாள், அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை.

அவசரமாக உலர்த்தவேண்டும் என்றால் ஈரநீக்கி இயந்திரத்தையும் மின்விசிறியையும் வையுங்கள். எரிவாயு அடுப்பு வைத்துச் சூடேற்றுவது எதிர்மாறான பலனைத்தான் தரும், ஏனென்றால் 1 கிலோ எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி அறைக்குள்ளேயே வருகிறது.

நான்காவது: அளந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

எளியது பிளாஸ்டிக் ஷீட் சோதனை. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான, கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட் ஒன்றை வெட்டி, சுத்தமான தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். மறுநாள் பிரிக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஷீட்டின் மேற்புறம் ஈரமா, அடிப்புறமா? மேற்புறம் என்றால் அறைக் காற்றின் ஈரம் வியர்த்திருக்கிறது. பிறகு ஷீட்டைத் தூக்குங்கள். அடியில் முத்து முத்தாகத் துளிகள், அல்லது சதுரம் போட்டதுபோல் தரை கருத்திருந்தால் ஈரம் அடியிலிருந்துதான் வருகிறது. வெயில் படும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல், சுவரோரம், நடு, பழைய கறை உள்ள இடம் என்று சிலவற்றில் ஒட்டுங்கள்.

இந்தச் சோதனை ஈரம் இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் முழுக்க நம்பக் கூடாது. 16 மணி நேரத்தில் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. ஆழத்தில் தேங்கிய நீர் மேலே வர நாள்கள் ஆகும்.

அடுத்தது கால்சியம் குளோரைடு சோதனை. எடை பார்த்த உலர்ந்த கால்சியம் குளோரைடு தட்டைத் தரையில் வைத்து, ஒரு மூடியால் காற்றுப் புகாமல் அடைத்து, 60 முதல் 72 மணி நேரம் கழித்து மறுபடி எடை போடுவார்கள். எடை கூடியது எவ்வளவோ அவ்வளவு நீராவி வெளியேறியிருக்கிறது. 1000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் 3 பவுண்டு என்பது பல பூச்சுப் பொருள்களுக்கு மேல்வரம்பு. நமக்குப் புரியும்படி சொன்னால் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 15 கிராம். இதுவும் தரையின் மேற்பகுதியைத்தான் அதிகம் சொல்கிறது.

தரைக்குள்ளேயே அளப்பதுதான் நான் நம்பும் முறை. டிரில்லால் துளையிட்டு, உறை போட்டு, உள்ளே உள்ள காற்றின் ஈரப்பதத்தை ஒரு முனைக்கருவியால் அளப்பது. ஏஎஸ்டிஎம் எஃப்2170 என்ற அமெரிக்கத் தரநிர்ணயம் இதற்கு உண்டு. துளையின் ஆழம் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் உலரும் தரையில் கனத்தின் 40 விழுக்காடு, இரு பக்கமும் உலரும் மாடித் தளத்தில் 20 விழுக்காடு. 100 மில்லிமீட்டர் தரைக்கு 40 மில்லிமீட்டர் ஆழம். ஏன் அந்த ஆழம்? திறந்து கிடக்கும் தரையில் மேலே காய்ந்தும் கீழே ஈரமாகவும் இருக்கும். பூச்சு போட்டு மூடியதும் உள்ளே உள்ள ஈரம் மேலும் கீழும் பரவிச் சமப்படும். மூடிய பிறகு பூச்சின் அடியில் எவ்வளவு ஈரம் வந்து நிற்கப்போகிறதோ, அதை மூடும் முன்பே காட்டும் ஆழம் அது. என் சேமிப்பறைத் தரை மேலே காய்ந்து தெரிந்ததும், பிற்பாடு கொப்புளம் கட்டியதும் ஏன் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

துளை போட்டு 24 மணி நேரம் கழித்தே அளவெடுங்கள். அதற்கு முன் அறை தினசரிப் பயன்பாட்டில் இருக்கப்போகும் வெப்பநிலையில் 48 மணி நேரமாவது இருந்திருக்கவேண்டும். முதல் 1000 சதுர அடிக்கு மூன்று துளை, அதற்கு மேல் ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் ஒன்று. 75 விழுக்காடு பழைய, கறாரான வரம்பு. இன்றைய பொருள்கள் பல 80, 85 வரை தாங்கும். எது வரம்பு என்பதை முடிவு செய்வது நீங்கள் வாங்கும் பொருளின் தரவுத்தாள். வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

கையில் வைத்து அழுத்தியதும் எண் காட்டும் மின்ஈரமானி நல்ல துணைதான். எந்த மூலை அதிக ஈரம் என்று ஒப்பிட்டுப் பார்த்து, துளை எங்கே போடலாம் என்று தீர்மானிக்க உதவும். அதன் எண்ணை மட்டும் வைத்துப் பூச்சு போட முடிவெடுக்காதீர்கள்.

அளவு அதிகமாக வந்தால்?

மூன்று வழிகள். காத்திருப்பது முதலாவது. புதுத் தரை, அடியில் ஷீட் உண்டு, ஈரம் கலவை நீரால்தான் என்றால் காலம் தானே சரிசெய்யும். மாதம் ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் பொறுமைதான் மருந்து. இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் அடியிலிருந்து வரத்து இருக்கிறது.

இரண்டாவது, நீராவித் தடுப்பு எபாக்ஸி ப்ரைமர். கரைப்பான் கலக்காத, ஈரக் கான்கிரீட்டில் பிடிக்கவென்றே தயாரித்த இருபகுதி எபாக்ஸி இது. சாதாரண எபாக்ஸி ப்ரைமரும் இதுவும் ஒன்றல்ல. தரையை இயந்திரத்தால் சொரசொரப்பாக்கி, குறிப்பிட்ட கனத்தில், ஊசித்துளைகூட விடாமல் அடித்தால்தான் பலன். ஓர் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் எல்லா அழுத்தமும் வந்து சேரும்.

மூன்றாவது, தரையை மூடாமல் விடுவது. கிடங்கு, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். சிலிக்கேட் கெட்டியாக்கி அடித்து, தேய்த்துப் பளபளப்பாக்கினால் நீராவி போய்வர வழி இருக்கும், உரிய ஒன்றுமே இருக்காது. ஆனால் சிலிக்கேட் ஓதத்தை நிறுத்தும் என்று விற்றால் வாங்காதீர்கள். அது மேற்பரப்பைக் கெட்டியாக்கும், தூசு எழும்பாமல் செய்யும், நீராவியைத் தடுக்காது. திறந்தவெளித் தரைக்கு சிலேன் அல்லது சிலாக்சேன் ஊடுருவும் திரவங்கள் நல்லவை. துளைச் சுவர்களில் படிந்து மழைநீரை ஒட்டவிடாமல் தள்ளும், உள்ளே உள்ள ஆவியை வெளியே விடும். தேங்கி நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அவை தாங்கா.

தினமும் தண்ணீரும் சூடும் படும் சமையற்கூடம், உணவுத் தயாரிப்பு இடங்களுக்கு பாலியுரேத்தேன் சிமென்ட் பூச்சு எபாக்ஸியைவிட ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது: மேற்பரப்பைத் தயார்செய்தல்

எண்ணெய், கிரீஸ் கறையை முதலில் சோப்புக் கரைசலால் எடுங்கள். எண்ணெய் இருக்கும்போதே கிரைண்டர் ஓட்டினால் அது துளைகளுக்குள் தேய்க்கப்பட்டு இன்னும் ஆழம் போகும். பிறகு வைரக்கல் கிரைண்டர் அல்லது ஷாட் பிளாஸ்டிங் (சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை எடுப்பது). பாலாடைத் தோல் போய், மெல்லிய மணல்தாள் போன்ற சொரசொரப்பு கைக்குத் தட்டவேண்டும். கனமான பூச்சுக்குச் சொரசொரப்பும் கூடுதலாக வேண்டும்.

அமிலம் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். உலர்த்த அவ்வளவு பாடுபட்ட தரைக்குள் மறுபடி தண்ணீரையும் உப்பையும் இறக்குகிற வேலை அது.

கிரைண்டர் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். என்95 முகக்கவசமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முடிந்ததும் இரண்டு சின்னச் சோதனைகள். பல இடங்களில் ஒரு துளித் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கருத்து உள்ளே இறங்கினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் பழைய மெழுகோ சீலரோ இன்னும் இருக்கிறது, மீண்டும் தேயுங்கள். அடுத்து ஒரு டேப்பை ஒட்டி உரித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் படர்ந்து வந்தால் இன்னும் ஒருமுறை தூசி உறிஞ்சவேண்டும்.

அசையாத விரிசலை எபாக்ஸியால் நிரப்பலாம். வெயிலுக்கு நெருங்கி, குளிருக்கு விலகும் இணைப்புகளைக் கெட்டியான பொருளால் அடைக்காதீர்கள், பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். அவற்றுக்கு இழுபடும் பாலியுரேத்தேன் சீலன்ட்தான் சரி. பூச்சையும் அந்தக் கோட்டில் நிறுத்திவிடுங்கள்.

ஆறாவது: பூசும் நாள்

பூசும் நாளில் கவனிக்கவேண்டியது பனிநிலை. அறை 30 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. தரை அந்த வெப்பநிலைக்கு இறங்கினால் கண்ணுக்குத் தெரியாத வியர்வை படியும். தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்கவேண்டும், இந்தக் கணக்கில் 29. மண்ணை ஒட்டிய தரை காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் காற்றின் வெப்பநிலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். தரையை நோக்கிப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும், அறையின் ஈரப்பதமானி ஒன்றும் போதும்.

நேரமும் முக்கியம். வெயிலேறும் காலையில் பூசினால் தரை சூடேறச் சூடேறத் துளைகளில் உள்ள காற்று விரிந்து, ஈரமான பூச்சுக்குள் குமிழி விட்டு மேலே வரும். காய்ந்ததும் தரை முழுக்க ஊசித்துளைகள். பிற்பகலில், தரை குளிரத் தொடங்கும் வேளையில் முதல் கோட் பூசத் தொடங்குங்கள். அப்போது சுருங்கும் காற்று பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஈரக் காற்றில் காய்ந்த எபாக்ஸியின் மேல் சில நேரம் மெழுகுபோல் ஒரு பிசுக்கு நிற்கும். கெட்டியாக்கியில் உள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. அதன் மேல் அடுத்த கோட் அடித்தால் ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, லேசாகத் தேய்த்த பிறகே அடுத்த கோட்.

பெரிய பரப்பு என்றால் முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசி, தரவுத்தாளில் சொன்ன நாள்வரை பொறுத்து, ஓரத்தைக் கத்தியால் கிளப்பிப் பாருங்கள். கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தால் பிடிப்பு நன்று. சுத்தமாக உரிந்து வந்தால் முழுத் தரையையும் பூசவேண்டாம்.

ஏற்கெனவே கொப்புளம் கட்டிய தரைக்கு

கொப்புளத்தின் மேலேயே இன்னொரு கோட் அடிப்பதால் பயனில்லை. ஊசியால் குத்தி நீரை வெளியேற்றி, பசை செலுத்திச் சமாளிப்பதும் கொஞ்ச நாளைக்குத்தான். குத்தும்போது கண்ணாடி அணியுங்கள், அந்த நீர் காரத்தன்மை கொண்டது, அழுத்தத்தோடு தெறிக்கும். பாதிப்பு சிறு பகுதி என்றால் கொப்புளத்தின் விளிம்பைத் தாண்டி உறுதியான பூச்சு வரும்வரை வெட்டியெடுத்து, அங்கே ஈரம் அளந்து, காரணம் தெரிந்த பிறகு ஒட்டுப் போடுங்கள். அங்கங்கே பரவியிருந்தால் முழுவதையும் கிரைண்டரால் எடுத்துவிட்டு நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குவதே வழி. என் சேமிப்பறைக்கு நான் அதைத்தான் செய்தேன். துளை போட்டு அளந்தபோது ஈரப்பதம் 93 விழுக்காடு. அடியில் ஷீட் போடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தரைக்கு எபாக்ஸி மறுபடி அடிக்கவில்லை. தேய்த்து, சிலிக்கேட் கெட்டியாக்கி அடித்துத் திறந்தே விட்டேன். மழைக்காலத்தில் சுவரோரம் கொஞ்சம் உப்புப் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுகிறேன், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும்.

பராமரிப்பு

பூசிய தரையில் ரப்பர் அடிப்பாகம் கொண்ட விரிப்புகளை நிரந்தரமாகப் போட்டுவைக்காதீர்கள். வாரத்துக்கொருமுறையாவது தூக்கிக் காற்றாட விடுங்கள். துடைக்கும்போது தண்ணீரை ஊற்றித் தேக்காமல் பிழிந்த துணியால் துடைக்கவும். இணைப்புகளின் சீலன்ட்டையும் சுவரோரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பே பார்த்து, விட்டுப்போன இடத்தைச் சரிசெய்யுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை மண்டியிட்டுத் தரையைப் பாருங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியை அடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத மிகச்சிறிய மேடுகூட நிழல் காட்டும். நிழல் தெரிந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து வட்டத்தைத் தாண்டி மேடு வளர்ந்திருந்தால் உடனே அங்கே துளை போட்டு அளங்கள்.